கொப்பியோடு இருந்த மனுசி

வேலை செய்த காலம் முழுக்க நான் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவள். மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களை நான் மேலும் கீழும் பார்ப்பதுபோல அவர்களும் என்னைப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது யோசித்ததே இல்லை. கொரோனாவையும் பார்த்து முடித்து, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறபோதுதான் அந்த யோசனையெல்லாம் வருகிறது.

போன மாதம் நிலானி தொலைபேசியில் கூப்பிட்டாள். பேர்லினில் பிறந்த பிள்ளை. நான் இருந்த சுகாதாரக் கந்தோரில் இப்போது அவளுக்கு வேலை. "அன்ரி, பன்றிக் காய்ச்சல் காலத்திலை ஆபிரிக்கச் சனத்தோடை நீங்கள் வேலை செய்தனீங்களாம். இஞ்சை அதைப் பற்றி ஒரு கடுதாசியும் இல்லை. எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோவன். ஒரு பக்கம் காணும்" என்றாள். எனக்கு எழுத்து வராது பிள்ளை என்றேன். "கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ" என்றாள். கேட்டவள் அவள்தான், நீண்டுவிட்டது என்று பிறகு என்னிடம் முறையிடக் கூடாது.

என் படிப்புக் கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி ஒன்றரை வருடம், அதற்குள் நாடு கெட்டுவிட்டது. எண்பதுகளில் எங்கள் சனம் வந்த வழியாகவே, கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்து சேர்ந்தேன். வேலை செய்ய அனுமதியில்லாமல் சில வருடம், பிறகு முதியோர் இல்லமொன்றில் நிலம் துடைக்கிற வேலை, அதற்குப் பிறகு மருத்துவ உதவியாளர் படிப்பு. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினேழு வயது, நான் முப்பதைத் தாண்டியவள். தொண்ணூறுகளின் கடைசியில் இந்தக் கந்தோருக்கு வந்தேன். வாசலுக்கு நேரே என் மேசை. சிவபாக்கியம் என்ற பெயரை ஜேர்மன்காரரால் சொல்ல முடியாது என்பதால் எல்லாருக்கும் நான் "ஃபிராவ் சிவா", அதாவது திருமதி சிவா.

2009இல் எங்களுக்குப் புதுத் தலைமை மருத்துவர் வருகிறார் என்றார்கள். பெயர் டொக்டர் மென்சா. பெயரைக் கேட்டு ஹங்கேரிக்காரர் யாரோ என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, காத்திருக்கும் அறை நிறையச் சனம். உயரமான ஒரு கறுப்பினப் பெண், முதுகில் பையும் கையில் சைக்கிள் தொப்பியுமாக என் மேசைக்கு வந்தார். அவர் வாய் திறக்க முதலே நான் நம்பர்த் துண்டை இழுத்து நீட்டினேன். "இருங்கோ, கூப்பிடுவம்" என்றேன். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நன்றி சொல்லிவிட்டுப் போய் ஒரு கதிரையில் இருந்தார். முப்பத்தேழாம் நம்பர். அவருடைய முறை வர ஐம்பது நிமிடம் எடுத்தது.

முப்பத்தேழு என்று கூப்பிட்டதும் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். "வணக்கம். நான் மென்சா. இண்டையிலை இருந்து எனக்கு இஞ்சைதான் வேலை. நல்லகாலம், சுவரிலை இருக்கிற படமெல்லாம் பாத்து முடிக்க நேரம் கிடைச்சுது. கை கழுவுறவை, தும்முறவை, பிள்ளைக்கு ஊசி போடுவிக்கிறவை, எல்லாரும் வெள்ளைக்காரர். எங்கள் ரெண்டு பேருக்கும் தும்மல் வாறேல்லைப் போலை" என்றார்.

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. அதே கட்டடத்தில் என்னைத் துப்புரவுக்காரி என்று நினைத்து, கழிவறையில் கடதாசி முடிந்துவிட்டது என்று வந்து சொன்னவர்கள் எத்தனையோ பேர். வீட்டுக்குப் போய் இவரிடம், என் கணவரிடம், கொதித்து விழுந்திருக்கிறேன். அந்தக் கொதிப்பெல்லாம் எங்கே போனதோ, நானே அதைச் செய்தேன்.

உள்ளதைச் சொல்லவேண்டும். ஆபிரிக்கரைச் சொல்ல எங்கள் சனம் ஒரு சொல் வைத்திருக்கிறது. வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும், நான் எழுதவில்லை. வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையைக்கூட அந்தச் சொல்லால் ஏசுகிற வீடுகளில்தான் நாங்கள் வளர்ந்தோம். என் நிறத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். அகப்பைக் கறுப்பு சட்டிக் கறுப்பைப் பார்த்துப் பழிக்கிற கதைதான்.

டொக்டர் மென்சா கிழக்கு ஜேர்மனியில் ஹாலே என்ற ஊரில் பிறந்தவர். தாய் அந்த ஊர்க்காரி, தகப்பன் கானாவில் இருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் திரும்பிப் போனவர். கானா மொழியில் ஒரு சொல்லும் டொக்டருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்துக் கிழக்கு ஜேர்மன் இழுவைதான் வரும், பேர்லின்காரர் கேட்டுச் சிரிப்பார்கள். அவருடைய ஊரில் ஒரு பழைய தரும நிறுவனம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, முந்தி எங்கள் பக்கம் வந்த பாதிரிமார் கொண்டுபோன தமிழ் ஏடுகளைப் பார்த்தாராம். "உங்கடை எழுத்தை எனக்கு ஒன்பது வயசிலையே தெரியும், ஃபிராவ் சிவா. வாசிக்கத்தான் தெரியாது" என்பார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் மாதம் பயந்தேன், இரண்டாம் மாதம் பிடித்துப்போய்விட்டது.

அவர் நோயாளியைப் பார்க்கிற விதத்தை நிலானி போன்ற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆள் உள்ளே வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடுவார். பேனையைத் தொடமாட்டார். "நீங்கள் படுத்துட்டால் வீட்டிலை ஆர் சமைக்கிறது?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்கு வருகிற பதிலில் ஆள் எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் வந்துவிடும். பிறகு ஆளை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், கீழ் உதட்டை மடக்கி உள்பக்கத்தைப் பார்ப்பார், உள்ளங்கை, நகம் எல்லாம் பார்ப்பார். "புத்தகத்திலை மூச்சு முட்டினால் உதடு நீலமாகும் எண்டு கிடக்குது. ஆரின்ரை உதடு? படத்திலை இருக்கிற வெள்ளைக்காரன்ரை உதடு" என்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் பேனையை எடுத்துப் பெயர் கேட்பார்.

ஒன்றைச் சொல்ல மறந்துபோனேன். டொக்டர் என்னோடு பேசியது ஜேர்மன், இனி வரப்போகிற அபேனா பேசியது ஆங்கிலம். என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இலையுதிர்காலத்தில் பன்றிக் காய்ச்சல் பெரிதாக வந்தது. தடுப்பூசியும் வந்தது, கூடவே கதையும் வந்தது. அரசாங்க ஆட்களுக்கு ஒரு ஊசி, சனத்துக்கு வேறொன்று என்று பத்திரிகைகள் எழுதின. ஜேர்மன்காரரே முகம் சுளித்தார்கள். "அப்ப எங்களுக்கு மூண்டாவதோ?" என்று என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார் கமரூன்காரர் ஒருவர்.

கந்தோர் அச்சடித்த துண்டுப்பிரசுரங்களை யோகண்ணையின் கடையில் கொண்டுபோய் வைத்தேன். பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் தமிழ்ச் சாமானும் ஆபிரிக்கச் சாமானும் ஒன்றாக விற்கிற கடை அது. ஒரு பக்கம் முருங்கைக்காயும் பனங்கிழங்கு ஒடியல் மாவும், மறுபக்கம் பெரிய யாம் கிழங்கும் வாழைக்காயும் செம்பனை எண்ணெயும். யோகண்ணை என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். உண்மையில் யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டதில்லை. வாடிக்கையாளரைப் பற்றி நாள் முழுக்கப் புறுபுறுப்பார். ஆனால் யாருடைய தாய்க்கு அங்கே சுகமில்லை, யாருக்கு இங்கே விசா முடிந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு போனேன். துண்டுப்பிரசுரம் பாதி முடிந்திருந்தது. எனக்குச் சந்தோசம்.

"சந்தோசப்படாதேங்கோ அக்கா. ஒருத்தரும் தொடேல்லை. நான்தான் கருவாடு சுத்திக் குடுத்தனான், அப்பிடியெண்டாலும் வீட்டை போகட்டும் எண்டு" என்றார். பிறகு, "கடையிலை வைச்சுப் பிரயோசனமில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்ச்சிலைதான் நிக்குங்கள். பாஸ்டரைப் போய்ப் பிடியுங்கோ" என்றார்.

டொக்டரும் நானும் பாஸ்டரைப் போய்ப் பிடித்தோம். ஒரு பின்முற்றத்தில், பழைய தளபாடத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் அவர்களுடைய தேவாலயம். கானாக்காரர்தான் அதிகம். வயதான பெண்கள் டொக்டரின் கையைப் பிடித்துத் தங்கள் மொழியில் பொரிந்து தள்ளினார்கள். டொக்டர் விளங்காமல் முழுசிக்கொண்டு நின்றார். உன் தகப்பன் உனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லையா என்று ஒருத்தி ஆங்கிலத்தில் ஏசினாள். டொக்டரின் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். பாஸ்டர் நல்ல மனுசன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிய மண்டபத்துக்கு அருகில் ஒரு அறை தருவதாகச் சொன்னார்.

அந்தத் தடுப்பூசி இரண்டு குப்பியாக வரும். இரண்டையும் குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்து, குளிர் போகும்வரை வைத்திருந்து, ஒன்றை மற்றதற்குள் கலந்து குலுக்கினால் பத்துப் பேருக்குக் காணும். கலந்தால் ஒரு நாளைக்குள் போட்டு முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் குப்பைதான். டொக்டர் எங்களுக்குத் தெளிவாகச் சொன்னார். "பேர் கேக்கிறது உள்ளுக்கை, ஆள் கதிரையிலை இருந்த பிறகு. நான் கேப்பன். வாசலிலை ஒண்டும் வேண்டாம்."

நான் கேட்டேனா? சின்னப் பெட்டை, ஒழுங்கு தெரியாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எங்கள் சனம் கூடுகிற எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு மேசை இருக்கும், மேசையில் ஒரு கொப்பி இருக்கும், பொறுப்பான ஒருவர் இருந்து பெயர் எழுதுவார். அதில்லாமல் எங்களுக்கு ஒரு விசேஷம் விசேஷமாகவே தோன்றாது. நான் கடைக்குப் போய்ப் புதுக் கொப்பி வாங்கினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். பெயர், விலாசம், பிறந்த திகதி, தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமை டொக்டர் உள்ளே பாஸ்டரோடு நின்று சனத்துக்கு விளக்கிக்கொண்டிருக்க, நான் வாசலில் மேசை போட்டு, கந்தோர் முத்திரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஜேர்மனியில் பெரும்பாலான கந்தோர்களுக்கு, விசா இல்லாத ஒருவரைப் பற்றித் தெரிந்தால் வெளிநாட்டவர் கந்தோருக்குச் சொல்லவேண்டும் என்று சட்டம். வைத்தியம் செய்பவர்களுக்கு அந்தக் கடமை இல்லை. ஆனால் வாசலில் இருக்கிற மேசை எந்தக் கந்தோர் மேசை என்று வந்து நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

ஆராதனை முடிந்து சனம் வரிசையாக வந்தது. முன்னுக்கு நின்றவர்கள் கொப்பியைக் கண்டார்கள். ஒருவருக்கு அவசரமாக ஒரு அழைப்பு வந்தது. இன்னொருவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மஞ்சள் தலைத்துணி கட்டிய ஒரு பெண், முப்பது வயதிருக்கும், இருமிக்கொண்டு நெஞ்சில் கையை வைத்தபடி நின்றாள். கொப்பியைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், பையை மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டு மற்றப் படிக்கட்டால் இறங்கிப் போய்விட்டாள். அவளுடைய பை தோளில்தான் தொங்கியது.

இரண்டே இரண்டு பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கலந்த குப்பியில் மிச்சம் எட்டுப் பேருக்குரியது குப்பைக்குப் போனது. டொக்டர் கொப்பியை மூடித் தன் பையில் வைத்தார். ஒரு சொல் ஏசவில்லை. வழமையாக மத்தியானம் எங்களோடு சமையலறையில் இருந்து பாண் சாப்பிடுகிறவர், அந்தக் கிழமை முழுக்கக் காத்திருக்கும் அறையில் நோயாளிகளோடு இருந்து சாப்பிட்டார். ஏசியிருந்தால் நானும் திருப்பி இரண்டு சொல்லியிருப்பேன். ஏசாமல் விட்டதுதான் செருப்படி.

பத்து நாள் போயிருக்கும். காலை பதினொரு மணிபோல யோகண்ணை கூப்பிட்டார். "அக்கா, கெதியா வாங்கோ. ஒரு பிள்ளை கடைக்குள்ளை விழுந்திட்டுது. அபேனா எண்டு, ஹொட்டேலிலை அறை துடைக்கிறவ. பின்னறையிலை அரிசி மூட்டையிலை இருத்தியிருக்கிறன். மூச்சு எடுக்கேலாமல் கிடக்கிறா. அம்புலன்ஸ் கூப்பிடுவம் எண்டால் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு விடுறாவில்லை."

டொக்டர் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் முகமூடி இரண்டை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஓடினேன். பின்னறைக்குள் போனதும் மஞ்சள் தலைத்துணி தெரிந்தது.

அவளும் என்னைக் கண்டுகொண்டாள். "நீங்கள்... கொப்பியோடை இருந்த மனுசி" என்றாள். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? பக்கத்தில் கிடந்தது ஆஸ்துமாவுக்கு அடிக்கிற மருந்துக் குழாய், யாரோ ஒரு சிநேகிதியின் பெயர் ஒட்டியது, உள்ளே ஒன்றுமில்லை. நெற்றி சுட்டது. ஆஸ்துமாக்காரிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும் என்று நானே நூறு பேருக்குச் சொன்னவள். அன்று நான் அந்த வாசலில் இல்லாவிட்டால் அவள் ஊசி போட்டிருப்பாள்.

"வைத்தியசாலைக்குப் போகவேணும், பிள்ளை. இல்லாட்டில் இண்டைக்கே செத்துப்போவாய்" என்றேன். பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் தலையை ஆட்டினாள். "பேர் கேப்பினம். நீங்களும் கேட்டனீங்கள்." கொஞ்சம் மூச்சு எடுத்தாள். "முதலிலை உங்கடை பேரைத் தாங்கோ. வீட்டு விலாசத்தையும். எழுதித் தாங்கோ. என்னைப் பிடிச்சு அனுப்பினால், ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியவேணும்."

கந்தோர் ஆட்கள் வீட்டு விலாசம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை நானே எத்தனையோ புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். யோகண்ணை ஒரு கடதாசித் துண்டைக் கிழித்துத் தந்தார். சிவபாக்கியம் என்று முழுப் பெயரையும் எழுதினேன். தெரு, இலக்கம், மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு, மணியில் இவருடைய பெயர் இருக்கும் என்றெல்லாம் எழுதினேன். அப்போதுதான் தெரிந்தது, ஒருவருக்கு முன்னால் இருந்து விலாசம் எழுதிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று.

"என்ரை பேரையும் எழுதுங்கோ அக்கா. கடை விலாசத்தைப் போடுங்கோ, நான் எப்பவும் இஞ்சைதான்" என்றார் யோகண்ணை.

அபேனா துண்டை வாசித்து, மடித்து, சட்டைக்குள் வைத்தாள். "இப்ப கூப்பிடுங்கோ" என்றாள்.

எந்த வைத்தியசாலை என்று சொல்லமாட்டேன். அவசரப் பிரிவில் காய்ச்சல்காரர் நிரம்பி வழிந்தார்கள். ஓடியோடிக் களைத்த தாதி ஒருத்தி அபேனாவை ஒரு தரம் பார்த்தாள். விரலில் ஒட்சிசன் அளக்கிற கருவியை மாட்டிப் பார்த்தாள். "எண்ணும் நிறமும் நல்லாத்தானே இருக்கு, உதடும் நீலமில்லை. வெளியிலை இருக்கட்டும்" என்றாள். அபேனாவின் நகத்தில் கத்தரிப்பூ நிறப் பூச்சு, கீழே நகத்தின் நிறம் தெரியாது. அவள் கறுப்பியாக இருக்கிறாள், நீலம் எங்கே தெரியும் என்று நான் கத்தினேன். கத்துகிற கறுத்த மனுசி என்றால் பாதுகாவலரைக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டார்கள். நான் டொக்டரைக் கூப்பிட்டேன்.

கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு டொக்டர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வாசலில் நின்றவர் மறித்து, "சொந்தக்காரரோ?" என்று கேட்டார். "மருத்துவர்." "எந்த நாடு?" "ஹாலே" என்றார் டொக்டர், தன் ஊர் இழுவையோடு. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

அபேனாவை விளக்குக்குக் கீழே திருப்பி, கீழ் உதட்டை மடக்கி, அந்தத் தாதியைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்பக்கம் சாம்பல் நிறம். "நாடியிலை இரத்தம் எடுங்கோ, இப்ப" என்று மட்டும் சொன்னார், குரலை உயர்த்தாமல். மணிக்கட்டில் எடுத்த இரத்தத்தின் முடிவு சில நிமிடத்தில் வந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் நடக்கவில்லை, எல்லாரும் ஓடினார்கள். அந்தத் தாதி அழுதுகொண்டே கட்டிலைத் தள்ளினாள். அவளில் எனக்குக் கோபமில்லை. அவள் படித்த புத்தகத்தில் இல்லாததை அவள் எங்கே பார்ப்பாள்?

பிறகு படிவத்தோடு ஒரு அம்மா வந்தார். பெயர், காப்புறுதி, விசா. அவசர வைத்தியம் என்றால் வைத்தியசாலையும் சரி, அதற்குக் காசு கட்டுகிற கந்தோரும் சரி, வெளிநாட்டவர் கந்தோருக்குச் சொல்லத் தேவையில்லை என்று அந்த இலையுதிர்காலத்தில்தான் எழுத்தில் வந்திருந்தது. டொக்டர் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். "பேரை அவ கண் முழிச்சாப் பிறகு அவவே சொல்லுவா" என்றார்.

ஆறு நாள் மூச்சு இயந்திரத்தில், கண் முழிக்கவில்லை. வேலை முடிய ஒவ்வொரு நாளும் போய்க் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். யோகண்ணை கடை பூட்டிவிட்டு வருவார். "எப்பிடி இருக்கிறா உங்கடை ஆள்?" என்று ஒரு நாள் கேட்டார். "எங்கடை ஆள்" என்று திருத்தினேன். முருகன் கோவிலில் அபேனாவின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் என்னவென்று ஐயர் கேட்டார், என் நட்சத்திரத்தைக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் முழித்தாள். குழாயைக் கழற்றிய பிறகு அவளுடைய முதல் சொல் எனக்குத்தான். "மூண்டாம் மாடி, இடது பக்கம்" என்றாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

டிசம்பர் நடுவில் பாஸ்டர் மறுபடி அறை தந்தார். இந்தத் தடவை வாசலில் ஒன்றுமில்லை. உள்ளே நாலு கதிரை. உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் டொக்டரும் நானும் முதலில் எங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய சின்னத் துண்டைக் கொடுத்தோம். அது டொக்டரின் உத்தரவு. அபேனா வைத்தியசாலையை விட்டு வந்து சில நாள்தான். பாதி ஆளாகிவிட்டாள். யோகண்ணை கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வீட்டில் படு என்றால் கேட்கவில்லை.

சனம் வந்தது, ஆனால் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. துண்டை வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். குப்பியைக் கலப்பதா விடுவதா என்று டொக்டர் என்னைப் பார்த்தார். அபேனா எழும்பித் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"உங்களிட்டைக் கேக்கச் சொன்னனான். அதை நானே கேக்கிறன்" என்றாள். "அன்ரி, நீங்கள் போட்டனீங்களோ?"

இதுவரை நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நான் போடவில்லை. டொக்டர் முதல் நாளே போட்டுவிட்டார். எங்களையும் கேட்டார். ஒரு கிழமை தடிமன், மூக்கு ஓடுகிறது என்றேன், மறு கிழமை கை நோகிறது என்றேன். பிறகு போட்டாச்சு என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டேன். அரசாங்க ஊசி வேறு, சனத்தின் ஊசி வேறு என்று பத்திரிகையில் வாசித்து இவர் பயந்தார், நானும் பயந்தேன். சனத்துக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு, கொப்பியில் கோடு போட்டுக்கொண்டு, நான் போடாமல் திரிந்தேன். அபேனாவைப் பார்க்கக் கண்ணாடிக்கு வெளியே நின்ற நாட்களிலும் போடவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

பொய் சொல்ல ஒரு நிமிடம் வாய் உன்னியது. டொக்டர் மென்சா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் பார்த்தார், யோகண்ணை பார்த்தார்.

"இல்லை" என்றேன். "எனக்குப் பயம்."

பிறகு வயதான பெண் ஒருத்தி, அன்றைக்கு டொக்டரை ஏசியவள், தொடையில் தட்டிச் சிரித்தாள். அவள் சிரிக்க மற்றவர்களும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை அது. பயமென்று கந்தோர் ஆள் ஒருவர் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லைப் போலும்.

டொக்டர் சிரிக்கவில்லை. குப்பிகள் இரண்டையும் எடுத்துக் கலந்தார், குலுக்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஃபிராவ் சிவா, நீங்கள் படுத்துட்டால் வீட்டிலை ஆர் சமைக்கிறது?" என்று கேட்டார். "இவர் சமைப்பார், வாயிலை வைக்கேலாது" என்றேன். அது அவர்களுக்கு மொழிபெயர்க்கப்பட்டு இன்னொரு சிரிப்பு எழுந்தது.

நான் முதல் கதிரையில் போய் இருந்து சேலையை விலக்கிச் சட்டைக் கையை மேலே ஏற்றினேன். ஆயிரம் பேருக்கு ஊசி போடும்போது பக்கத்தில் நின்றவள், எனக்கென்று வந்ததும் கண்ணை மூடப் பார்த்தேன். அபேனா மெல்ல வந்து பக்கத்துக் கதிரையில் இருந்து என் கையைப் பிடித்தாள். எலும்பாக இருந்தாலும் சூடான கை. டொக்டர் குனிந்தார்.

"கண்ணை மூடாதேங்கோ, அன்ரி" என்றாள் அபேனா என் காதுக்குள். "அவையள் பாக்கினம்."